ஐஸ்மேல் தண்ணீர் விட்ட நாள்

1. காற்றுதான் அடுப்பு

நூல் மில்லை மூடியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. சாரம் பகுதியில் வாடகை வீடு, கையில் வேலை இல்லை. வால்வு திருப்பிப் பழகிய கை என்று ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்சிஜன் பிளாண்ட் ஆபரேட்டராக எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

முதல் நாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு வெள்ளை டேங்க். அதன் பக்கத்தில் இரண்டு கூட்டமாக, இரண்டு ஆள் உயரத்துக்கு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் இறக்கை இறக்கையாகத் தகடுகள். வேப்பரைசர் என்று பெயர் சொன்னார்கள். அந்த வெயிலில் அதன் கீழ்ப்பாதி முழுக்கப் பனி பூத்திருந்தது. எனக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு செரிக்காது. பராமரிப்பு மேனேஜரிடம் கேட்டேன். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்து மனிதர், எல்லோரும் அவரை 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் சொல்வோம்.

"இதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது சார்?"

"கரண்ட்டே கெடையாதுப்பா. காத்துதான் இதுக்கு அடுப்பு."

மனுஷன் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் யோசித்து, மகளின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தையும் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது. டேங்குக்குள் ஆக்சிஜன் திரவமாக இருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே நூற்று எண்பத்து மூன்று டிகிரியில். அந்தக் குளிரில் துகள்களுக்கு ஓட வேகம் இல்லை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, நெருக்கமாக, மெதுவாக நழுவிக்கொண்டிருக்கும். வேப்பரைசருக்குள் வந்ததும் வெளிக்காற்றின் துகள்கள் தகடுகளை ஓயாமல் மோதுகின்றன. மோதிய அதிர்வு தகடு வழியாக உள்ளே போகிறது. ஆக்சிஜன் துகள்களுக்கு வேகம் கூடிப் பிடியை அறுத்துக்கொண்டு பறக்கின்றன. ஒரு லிட்டர் திரவம் எண்ணூறு லிட்டருக்கு மேல் வாயுவாகிறது. காற்றிலிருக்கும் ஈரத்துக்கு நேர்மாறாக நடக்கிறது. அது தகட்டில் பட்டு வேகத்தை இழந்து, அங்கேயே மாட்டிக்கொண்டு பனியாகிறது.

மில்லில் ஈரப்பதத்தோடு பதினைந்து வருஷம் மாரடித்தவன் நான். இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு அந்த மெஷின்மேல் ஆசையே வந்துவிட்டது.

2. தகர வேலி

ஆறு வருஷம் கழித்து, ஒரு ஐப்பசியில், புது வார்டு திறக்கப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. முசியேவுக்குப் பனி ஒழுகும் அந்தக் குழாய்க் கூட்டம் கண்ணை உறுத்தியது.

"பாக்க அசிங்கமா இருக்குப்பா. சுத்தித் தகரம் அடிச்சு நீல பெயிண்ட் குடுத்துடலாம்."

நான்தான் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் டிரில் போட்டார். நாலு பக்கமும் மூடி, ஒரு சின்னக் கதவு வைத்து, நீலமும் அடித்தாயிற்று. விழா நன்றாக நடந்தது. தகரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அலாரம் அடித்தது. லைனில் நாலு கிலோ இருக்க வேண்டிய பிரஷர் மூன்றரைக்கு வந்திருந்தது. தகரக் கதவைத் திறந்தேன். உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. இரண்டு வேப்பரைசரும் ஐஸ் தூணாக நின்றன, தகடே தெரியவில்லை. அதைவிட மோசம், வேப்பரைசரைத் தாண்டிப் போகிற பைப்பும் வெளுத்திருந்தது. அந்த பைப் எப்போதும் காய்ந்துதான் இருக்கவேண்டும். வெளுத்தால், திரவம் வாயுவாகாமல் அப்படியே வார்டு பக்கம் போகிறது என்று அர்த்தம்.

டேங்க் வால்வை மூடிவிட்டு அவசர சிலிண்டர்களைத் திறந்தேன். எல்லா வார்டும் சேர்ந்து இழுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். வேறு சிலிண்டர் கேட்டு போன் பண்ணினால், லாரி தவளக்குப்பம் ஜங்ஷனில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள்.

3. ஓட வுடு

முசியே ஓடி வந்தார். ஐஸைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"சுத்தியல எடுப்பா. தட்டி உதுத்துடலாம்."

"தட்டுனா வெல்டிங் வுட்டுடும் சார். உள்ள இருக்கறது ஆக்சிஜன்."

"அப்ப கேன்டீன்லேர்ந்து கொதிக்கற தண்ணி கொண்டாரச் சொல்றேன்."

"இந்தக் குளிர்ல கொதிக்கற தண்ணி பட்டா பைப்பே வெடிச்சுடும்."

தகரம் அடித்துக் காற்றை அடைத்தது நாம் இரண்டு பேரும்தான் சார் என்றேன். அவர் வெறுங்கையால் தகரத்தைப் பிடித்துப் பிய்த்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, கவனிக்கவே இல்லை. நானும் பிய்த்தேன். நாலு பக்கமும் திறந்தாயிற்று. ஆனாலும் வெளியே மழை ஈரம், அசையாத காற்று. அந்த ஐஸ் கரைய அரை நாள் ஆகும்.

ஒரு பக்கெட் குழாய்த் தண்ணீரை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். சடசடவென்று சத்தம் வந்தது. ஊற்றிய தண்ணீர் அங்கேயே உறைந்து, ஐஸ் இன்னும் தடித்தது.

"ஐஸ் மேல தண்ணி ஊத்துனா ஐஸாத்தான்யா ஆவும்" என்றார் முசியே.

அப்போது காளியம்மா வந்து நின்றாள். ஐசியுவில் தரை துடைப்பவள், கடற்கரைக் குப்பத்துக்காரி, வேலை இல்லாத நாளில் தங்கச்சியோடு மீன் விற்பாள். சிஸ்டர் என்ன ஆயிற்று என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்.

"மேல ஆறு பேரு மிஷின்ல இருக்காங்கண்ணே. அந்த மூணாம் பெட் பொண்ணு காலையிலதான் கண்ணு தொறந்துச்சு. பெத்து ஏழு நாளாவுது, புள்ள மொகத்த இன்னும் பாக்கல."

அவள் காலியான பக்கெட்டையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பக்கெட்ல ஊத்துனியாண்ணே? கொஞ்சமா ஊத்துனா ஒட்டிக்கத்தான் செய்யும். ஐஸ் பொட்டியில ஒட்டிக்கிட்ட மீனை நாங்க கொழாயடியில வெச்சு ஓட வுடுவோம். தண்ணி நிக்கக் கூடாது. ஓட வுடு, தானா வுட்டுடும்."

எனக்கு மண்டையில் உறைத்தது. தண்ணீர் நம் கைக்குத்தான் ஜில்லென்று இருக்கிறது. அந்த ஐஸுக்கு அது உலை. ஒரு பக்கெட் தண்ணீர் தன்னிடம் உள்ள கொஞ்சம் சூட்டையும் கொடுத்துவிட்டு, வேகம் போய், அங்கேயே கட்டிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீரில் அடுத்தடுத்துப் புதுத் துகள்கள் வேகத்தோடு வந்து மோதிக்கொண்டே இருக்கும். அதுவும் காற்றைப்போல எட்ட எட்ட இல்லாமல் நெருக்கமாக. காற்று அரை நாளில் தருவதைத் தண்ணீர் சீக்கிரமே தந்துவிடும்.

தீயணைப்புக் குழாயை இழுத்துவந்து முழுசாகத் திறந்தேன். முதல் இரண்டு நிமிஷம் ஐஸ் கூடியதுபோல்தான் தெரிந்தது. முசியே என் தோளைப் பிடித்தார்.

"நிறுத்துப்பா. போதும்."

"வுடுங்க சார்."

"நிறுத்தாதண்ணே" என்றாள் காளியம்மா.

பிறகு உள்ளேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம். உச்சியிலிருந்து கதவுப் பலகை அளவு ஐஸ் நழுவி, என் காலடியில் விழுந்து நொறுங்கியது. அடுத்தடுத்து விழுந்தது. நாற்பது நிமிஷத்தில் தகடுகள் பளிச்சென்று தெரிந்தன. டேங்க் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன், தண்ணீரை நிறுத்தவில்லை. வார்டு பைப்பைத் தடவிக்கொண்டே நின்றேன். வெளுக்கவில்லை, காய்ந்தே இருந்தது. பிரஷர் முள் நாலு கிலோவுக்கு ஏறியது. மேலே அலாரம் நின்றது.

காளியம்மா மாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். முசியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம்தான் தவளக்குப்பத்து லாரி வந்தது. வந்ததுக்கு டீ குடித்துவிட்டுப் போ என்று டிரைவரிடம் சொன்னேன்.

4. மூணாம் பெட்

இரண்டு வாரம் கழித்துக் காளியம்மா ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். மடியில் குழந்தை.

"இதாண்ணே மூணாம் பெட்டு. வூட்டுக்குப் போவுது. காத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணுமாம்."

அந்தப் பெண் பனி பூத்த குழாய்களை ரொம்ப நேரம் பார்த்தது.

"இவ்ளோ ஜில்லுனு இருக்கே, எனக்கு உள்ள போறப்ப ஜில்லுனே தெரியலையேண்ணா?"

"வழியில இந்த வெளிக்காத்து அதுக்குச் சூடு குடுத்துடுதும்மா. உன்கிட்ட வர்றப்ப உன்னைச் சுத்தி இருக்கற காத்து மாதிரியே ஆயிடும்."

"அப்ப இதச் சுத்திக் காத்து வந்துக்கிட்டே இருக்கணும்?"

"ஆமாம்மா" என்றேன். ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண் கேட்டதை, ஆறு வருஷம் அங்கேயே கிடந்த நான் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஓர் இடம் காலியாகத் தெரிகிறதே என்று அடைத்துவிடாதீர்கள். அங்கே என்ன ஓடுகிறது, அது யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். நான் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவன். தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.