வளைகாப்பில் சொன்ன டெஸ்ட் முடிவு

ஆண்டவரை நம்பி வாழும் என் உடன்பிறப்புகளுக்கு ஆவூர்ப் பக்கத்துச் சகாயமேரியின் வணக்கம். நான் அழுது கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது இன்னொன்று. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யார் வீட்டில் ஞானஸ்நானம் என்றாலும் என் மாமியார் என்னை விட்டுவிட்டுத்தான் போவார். எனக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை. கடைசியில் டாக்டரம்மா, "உங்ககிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் சேவியர், வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவர். "எனக்கெதுக்கு டெஸ்ட்டு?" என்று முறுக்கிக்கொண்டார். கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அப்போது தவக்காலம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கவிச்சியும் வேண்டாம், ஒரே பாயில் படுப்பதும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இப்படி ஒறுத்தல் இருந்துவிட்டு டெஸ்ட் கொடுத்தால் ஆண்டவர் நல்ல பதில் தருவார் என்று எங்கள் எண்ணம்.

ஈஸ்டர் முடிந்த கையோடு புதுக்கோட்டை லேபுக்குப் போனோம். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், திருடிவிட்டு வந்தவர் மாதிரி தலைகுனிந்து வெளியே வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

விந்தணு குறைவு, இருந்ததிலும் அசைவே இல்லை என்று முடிவு வந்தது. லேபில் இருந்த பெண், "எத்தன நாளு விலகி இருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"தவக்காலம் முழுசுமா? ரெண்டு நாளாச்சும் இருக்கணும், ஒரு வாரத்துக்கு மேல போகக்கூடாதுங்க. ரொம்ப நாளு விட்டா அசைவு கொறச்சுத்தான் காட்டும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வாங்க."

எங்கள் பக்தியே எங்களைக் கவிழ்த்துவிட்டது என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தோம். அப்படிச் சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது. அடுத்த முறை சொன்னபடி போய்க் கொடுத்தார். அதே முடிவுதான் வந்தது. இயற்கையாகப் பிள்ளை உண்டாவது ரொம்பக் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"ஊருல சொல்லிராத மேரி. ஆத்தாவுக்கும் தெரிய வேணாம்" என்றார் சேவியர். சரி என்றேன். அவர் மானம் எனக்கும் மானம்தானே. ஆனால் அதற்குப் பிறகும் மலடி என்ற பேர் எனக்குத்தான். அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதோம். ஒரு நாள் கோயிலில் யாருமில்லாத நேரம் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, பிள்ளை தராவிட்டால் போகட்டும். இந்தப் பழியைத் தனியாகச் சுமக்க எனக்குத் தெம்பில்லை" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

பிறகு என் நாத்தனார் ஜெசிந்தாவுக்கு வளைகாப்பு. சந்தனக் கிண்ணத்தோடு நான் போனபோது மாமியார் மெதுவாக, "நீ அடுப்படியப் பாரும்மா" என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பந்தலில் நின்றிருந்த சேவியர் பொம்பளைகள் நடுவே வந்தார்.

"ஆத்தா, அவ எங்கிட்டும் போக வேணாம். ரெண்டு தடவ டெஸ்ட் பாத்தாச்சு. கொற எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல."

அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ஜெசிந்தா கையை நீட்டி, "அண்ணி, மொத வளையல நீங்க போடுங்க" என்றாள். போட்டேன். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வார்த்தைக்குச் சேவியர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ரொம்ப நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. என் ஜெபத்துக்குப் பதிலாக அவர் அவமானப்பட்டாரே என்று இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. அழுகை வரும்போது இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுகிறோம். ஆண்டவருக்கு நன்றி. பிள்ளைக்காகக் காத்திருக்கும் சகோதரிகளே, அவரை நம்பிக் கேளுங்கள், கைவிடமாட்டார். டெஸ்ட்டுக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன ஞாயிறு பக்கத்துத் தெருவில் ஒரு ஞானஸ்நானம். மாமியார் கிளம்பி வாசலில் நின்றுகொண்டு, "மேரி, சீக்கிரம் சேலையக் கட்டு. நீ வராம நான் போகல" என்றார்.