மூணு பேரும் இருக்கிற படங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் வீட்டுக்காரரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் நான் சொல்கிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் ஒட்ட வைக்கவில்லை.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். அவர் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள், வாயாடி. வைத்த பெயரே எங்களுக்கு மறந்துபோகும் அளவுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் ஜனவரியில்தான் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம்.

டிசம்பர் முப்பத்தொன்று. கடை அரை நாள். சாப்பிட்டதும் வாயாடி உள்ளறையில் தூங்கிவிட்டாள். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் பொறுக்கி, பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுவேன். வருஷம் முழுக்க இரண்டாயிரம் படம் எடுத்திருப்பேன். எடுத்ததோடு சரி, திரும்பிப் பார்ப்பது அன்று ஒரு நாள்தான்.

மணி 3.40.

ஜனவரிக்கு ஒரு படம் உடனே பிடித்துப் போனது. குடிவந்த அன்று, மாடிப்படியில் பீரோவைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். மேல் முனையில் அவர், கீழ் முனையில் நான், பின்னால் தலையணையைக் கட்டிக்கொண்டு வாயாடி. மூன்று பேருக்கும் மூச்சு வாங்குகிறது. சிரித்துக்கொண்டே தேர்ந்தெடுத்தேன்.

பிறகு ஏதோ உறுத்தியது.

மூன்று பேரும் படத்தில் இருக்கிறோம். அப்புறம் எடுத்தது யார்? லாரிக்காரர் கீழே இருந்தார். படமோ மேலே இருந்து எடுத்தது. மேலே இருந்தது பூட்டிய எங்கள் வீட்டுக் கதவு. சாவி என் இடுப்பில் இருந்தது.

சரி, மாடிக்கு வந்த யாராவது எடுத்திருப்பார்கள் என்று நகர்ந்தேன்.

ஏப்ரல். மூன்று பேரும் மேசையில் சாப்பிடுகிறோம். என் தட்டுக்குப் பக்கத்தில் என் போன் கிடக்கிறது. மூலையில் விரிசல் விட்ட அதே போன். அந்தப் போனில்தான் நான் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்...

ஆகஸ்ட். ஞாயிறு மதியம், 2.15. மூன்று பேரும் ஃபேனுக்குக் கீழே தூங்குகிறோம்.

எண்ணினேன். இருபத்தேழு படங்கள். அந்த மாடிப்படிப் படம் தவிர எல்லாம் வீட்டுக்குள். எல்லாவற்றிலும் மூன்று பேரும்.

பேய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது வேறு. யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள். என் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அப்படியானால்... ஜூன் மாதத்திலிருந்து அவர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. போனைக் கவிழ்த்தே வைக்கிறார். கேட்காமலே மாலை டிரிப்பை வாங்கிக்கொண்டார். சந்தேகம் வந்துவிட்டால் கயிறெல்லாம் பாம்புதானே. ஒரு பெண்ணின் முகத்தையே மனதுக்குள் வரைந்துவிட்டேன். போன் பண்ணி, உடனே வரச் சொன்னேன்.

5.20க்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"வீட்டுச் சாவியை யாருக்குங்க கொடுத்தீங்க?"

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"அதை ஜூன்லேருந்து நான் உன்கிட்ட கேக்கணும்னு இருக்கேன்."

தன் போனைத் திறந்து என் கையில் கொடுத்தார். அதிலும் நாங்கள்தான். மூன்று பேரும். என்னிடம் இல்லாத வேறு படங்கள். நாற்பத்தொன்று.

"எவனோ வந்து போறான்னு நெனச்சேன்," என்றார். "கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் கேக்கலை."

அவர் ஆறு மாதமாக, நான் அன்று மதியத்திலிருந்து. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஆளுக்கொரு திருடனைத் தேடியிருக்கிறோம். அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

அவரும் இல்லை. நானும் இல்லை. அப்படியானால்?

ஏப்ரல் படத்தைப் பெரிதாக்கினேன். அதில் நான் கண்ணாடி போட்டிருந்தேன். லென்ஸில் எது எப்படித் தெரியும் என்பது என் பிழைப்பு. ஜன்னல் தெரிந்தது. ஃபிரிட்ஜ் தெரிந்தது. படம் எடுத்தவர் நிற்க வேண்டிய இடத்தில்...

சுவர். வெறும் சுவர்.

"டைமர் வெச்சிருப்பாங்களோ?" என்றார்.

"எதுல? போன் மேசை மேல கெடக்கு, பாருங்க."

5.48.

க்ளிக்.

உள்ளறையிலிருந்து வந்தது.

இரண்டு போனும் எங்கள் கையில்தான் இருந்தன.

ஓடினோம். அறை வாசலில் நின்றோம்.

வாயாடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் மூடியிருந்தது. வேறு யாரும் இல்லை.

க்ளிக்.

எங்களுக்கு நேர் எதிரே. கட்டிலுக்கு அந்தப் பக்கம்.

என் போன் திரையில் ஒரு புதுப் படம். கட்டிலில் குழந்தை. வாசலில் விழித்தபடி நாங்கள்.

மூன்று பேரும்.

குழந்தையை வாரிக்கொண்டு கட்டிய துணியோடு இறங்கினோம். அதன் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை. சாமானை எடுக்க அவரும் அவர் அண்ணனும் பட்டப்பகலில் போய் வந்தார்கள். போன்களை அண்ணன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்து, கடைக்கு எதிரே செல்போன் ரிப்பேர் பார்ப்பவரிடம் என் போனைக் கொடுத்தேன். யாராவது வெளியிலிருந்து படங்களை உள்ளே அனுப்பினார்களா என்று பார்க்கச் சொன்னேன். கணினியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"வெளியேருந்து எதுவும் வரலைக்கா. எல்லாம் இந்தப் போன்லயே எடுத்ததுதான்," என்றார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "ஆனா பின்னாடி கேமராவுல இல்லை. முன்னாடி கேமராவுல."

"அப்படின்னா?"

"செல்ஃபி, அக்கா. யாரோ உங்களோட சேர்ந்து நின்னு எடுத்துக்கிட்டது."

போனை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று படங்களை மறுபடி பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. ஜனவரியில் அது படத்தின் ஓரத்தில். ஏப்ரலில் என் நாற்காலிக்குப் பின்னால். ஆகஸ்டில் பாயில், குழந்தைக்குப் பக்கத்தில்.

கடைசிப் படத்தைத் திறந்தேன். அன்று அந்த வாசலில் நின்றபோது அவர் கையை இறுகப் பிடித்திருந்தேன். அந்தக் கையும் என் கையைத் திருப்பி இறுக்கியது. அந்தத் தைரியத்தில்தான் மயங்கி விழாமல் நின்றேன்.

படத்தில் அவர் எனக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருக்கிறார்.

என் இடது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. விரல்கள் எதையோ கெட்டியாகப் பிடித்திருக்கின்றன.