கடல் சத்தம் கேட்டவர்

அமெரிக்கா போக எனக்கு மெட்ராஸில் விசா மறுத்த மறுவாரம், காங்கேயம் பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெயில் படாமல் வெளுத்த முகம், பளபளவென்று வெளிநாட்டுச் சட்டை. காக்கி உடுப்போடு கண்டக்டர் நெருங்கும்போதெல்லாம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

துபாயிலிருந்து வருவதாக அவர் சொன்னதுமே எனக்கு வயிறு எரிந்தது.

"லீவுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. விசா முடிஞ்சும் ஒளிஞ்சு வேலை செஞ்சேன். புடிச்சு அனுப்பிப்போட்டாங்க. இனி அந்த நாட்டுக்குள்ள உடமாட்டாங்க. காக்கியக் கண்டா இன்னும் நடுங்குதுங்க."

"இருந்தாலும் போய்ப் பாத்துட்டீங்கல்ல?" என் பொறாமை எனக்கே கேட்டது.

"எங்கீங்க பாத்தேன்? ரூமுக்கும் வேலைக்கும் வேனுக்குள்ள படுத்துட்டுத்தான் போவேன். கடல் பக்கத்துலயேதான் இருந்துச்சுங்க. சத்தம் மட்டும் கேக்கும்."

காங்கேயத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால், அந்தச் சத்தத்தையாவது கேட்டிருக்கிறாரே என்றுதான் மனம் புழுங்கியது. மறுநாளே டிராவல் ஏஜெண்டிடம் போய், துபாய்க்கு விசா கிடைக்குமா என்று கேட்டேன்.