பலகையில் ஒரு அட்டை மிச்சம்

தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மண்டபம் கட்டியவன் நான். பாறைதான் வரும், தண்ணீர் வராது என்று ஊரே சிரித்த இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். ஒரு லோடு சமையல் பாத்திரம், அதை ஏற்றச் சொந்த வண்டி, பட்டம் வாங்கிய இரண்டு மகள்கள், எல்லாம் ஆறாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கையால் வந்தவை. சுரங்கத்தை மூடியபோது என்னோடு கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கி ஏறியவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. உழைத்தவன் சொல்லாமல் இதை வேறு யார் சொல்வது?

இப்பேர்ப்பட்ட நான் ஒருநாள் என் மண்டபத்துக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் கண் முன்னால் ஒரு பையனுடைய மூச்சு போக இருந்தது. அதைப் போகாமல் பிடித்து நிறுத்தியது ஒரு கல்லூரிப் பெண்.

கடைசி வருடப் பார்ட்டிக்கு மண்டபம் கேட்டு வந்தவளும் அவள்தான். பங்காருபேட்டையிலிருந்து தினம் ரயிலில் கல்லூரிக்கு வருகிறவள். பகல் சாப்பாடு, பாட்டு, ஆட்டம், நாலரைக்குக் காலி செய்துவிடுவோம் என்றாள்.

"உள்ள குடிக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றேன்.

"உள்ள குடிக்க மாட்டாங்க தாத்தா. வெளியவே குடிச்சிட்டு வர்றவன நான் இன்னா பண்றது? அதுக்குத்தான் ஆணி அடிச்ச பலகை ஒண்ணு குடுங்க."

"பலகை இன்னாத்துக்கு?"

"மைன்ல டோக்கன் பலகை இருந்துச்சாமே, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் பலகையில் மாட்டுவான். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் ஷிஃப்ட் முடியாது. இவள் அதைத் தலைகீழாக மாற்றியிருந்தாள். வருகிறவர்கள் பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும், போகும்போது கழற்ற வேண்டும். இரண்டிரண்டு பேராகத்தான் கிளம்ப வேண்டும். வெறும் வயிற்றோடு யாரும் ஆடக் கூடாது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்காவது போய்வந்தால் அதை மறுபடி குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

"பார்ட்டியாம்மா இது, நைட் ஷிஃப்டா?"

"நீங்க சிரிங்க தாத்தா. பலகைய மட்டும் குடுங்க."

பார்ட்டி நடந்தது. நாலரைக்குப் பிள்ளைகள் கலைந்தார்கள். ஆறு மணிக்கு நிச்சயதார்த்தக்காரர்கள் வருவார்கள் என்று நான் சாவியோடு நின்றேன். பலகையில் ஒரே ஒரு அட்டை தொங்கியது.

"மறந்துட்டுப் போயிருப்பான். பூட்டலாம் வாம்மா."

"போன் எடுக்கல தாத்தா. அவன்கூடப் போக வேண்டியவன் இதோ இங்கதான் நிக்கிறான்."

அந்தப் பையன் தலையைச் சொறிந்தான். "மச்சா பஸ் ஏறிட்டான்னு நெனச்சேன்."

"நெனச்சியா, பாத்தியா?"

எல்லோருமாகத் தேடினோம். அட்டைக்காரன் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் காலி பாட்டில்.

"தூங்கறான் மச்சா, விடு. தெளிஞ்சா தானா எழுந்து வருவான்" என்று ஒருத்தன் சிரித்தான்.

எனக்குத் தெரியாத வைத்தியமா? சுரங்கத்தின் ஆழத்து லெவலில் சூடு தாங்காமல் சாய்ந்தவர்கள் எத்தனை பேரை எழுப்பியிருக்கிறேன்! சமையலறைக்கு ஓடி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கை உப்பு போட்டு, சொம்போடு வந்து அவன் வாயருகே சாய்த்தேன்.

"ஊத்தாதீங்க!" அவள் சொம்பைத் தட்டிவிட்டாள். என் மண்டபத்தில், என் கையிலிருந்து.

"நாங்க மைன்ல இப்படித்தாம்மா..."

"அவங்களுக்கு முழுங்கத் தெரிஞ்சிச்சி தாத்தா. இவனக் கிள்ளிப் பாருங்க, முழிக்கவே இல்ல. ஊத்துனா மூச்சுக்குள்ள போயிடும்."

பேசிக்கொண்டே அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். மேல் காலை மடக்கினாள், கன்னத்துக்குக் கீழே அவன் கையையே வைத்தாள். அடுத்த நொடி அவன் வாந்தியெடுத்தான். அத்தனையும் மண்ணில் வழிந்தது. மல்லாந்தே கிடந்திருந்தால் அது எங்கே போயிருக்கும்? நான் ஊற்றியிருந்தால்? அவளோ அவன் மூக்கருகே காதை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பாறை சரிந்தபோது பெரிய பெரிய மேஸ்திரிகளே ஓடியதைப் பார்த்தவன் நான். இந்த இருபது வயசுப் பெண் இடத்தைவிட்டு அசையவில்லை.

ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "தாத்தா, வண்டி?"

வேறொரு வீட்டுச் சாயங்கால விசேஷத்துக்கு ஏற்றியிருந்த பாத்திரங்களை ரோட்டில் தள்ளினேன். பிரியாணி தேக்சாவின் மூடி ஒன்று கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் பக்கம் பார்த்து உருண்டது. ஜமுக்காளம் விரித்து அவனை அதே சாய்வில் கிடத்தினோம். அவள் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வேகமாப் போங்க, திருப்பத்துல மட்டும் மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். யாருடைய அதட்டலுக்கும் வண்டி ஓட்டாதவன், அன்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

பையன் மறுநாள் கண் விழித்துக் கஞ்சி குடித்தான். ஒருக்களித்துப் போட்டதும், நேரத்தோடு கொண்டுவந்ததும்தான் காப்பாற்றின என்று டாக்டர் சொன்னார். இரண்டு காரியம் சொன்னார். கவனியுங்கள், இரண்டு.

இப்போது அடுத்த வருடப் பிள்ளைகளுக்காகக் கல்லூரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பார்ட்டிக்குப் போனால் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, அன்று நடந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். அந்தப் பெண்ணின் பெயர் மேலே இருக்கிறது. நோட்டீஸ் எழுதியவர்களே, இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள், அவளுக்குத் தகும். சொம்போடு வந்த கிழவனைப் பற்றி எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "கிடைத்த வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்."

கிடைத்த வாகனமா? அது என் வண்டி. ஓட்டியது நான். அந்த வரியை அடித்துவிட்டு, மண்டபத்துக்காரர் தன் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு போனார் என்று எழுதி ஒட்டுங்கள். திங்கட்கிழமை வந்து பார்ப்பேன்.