அப்பா பேரை விழுங்கின கோடு

எண்பதுகள்ல நான் ஈப்போவுல ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். சிலிம் ரிவர், பத்து காஜான்னு எங்க தோட்டக் கிளினிக் விவரமெல்லாம் தனித்தனியாக் கிடந்துச்சு. ஒண்ணாச் சேர்க்க ரெண்டு புரோகிராமை வரவழைச்சு சோதிச்சோம். ஒண்ணு பேரைப் பார்த்துத் தானாவே சேர்த்துடும். இன்னொண்ணு, சந்தேகம் வந்தா நின்னு நம்மளக் கேட்கும். சரியான ஆமை.

"வேகமானதையே எடுப்போம்லா, மேனேஜர் துரை அவசரப்படுத்துறாரு"ன்னாரு சூப்பர்வைசர் அண்ணன். அதுல வந்த நோயாளி அட்டைகளைக் கிளினிக்குகளுக்கும் அனுப்பிட்டாரு.

ரெண்டொரு நாள்ல அத்தான் போன் பண்ணாரு. பால்வெட்டுக் கத்தி பட்டு அக்கா கால் சீழ் பிடிச்சு, காய்ச்சல்ல பெனாத்துறாளாம். கிளினிக்ல படுக்க வச்சிருக்காங்களாம். "அவளுக்கு ஏதோ ஊசி ஒத்துக்காதுன்னு சொல்வா. அட்டையில இருக்கும்தானே?"

இருக்கும்னுட்டு போனை வச்சேன். மனசு கேக்கல, அக்கா அட்டையைத் திரையில தேடிப் பார்த்தேன். ஒத்துக்காத மருந்து: இல்லை. பிள்ளைங்க: நாலு. அடக் கடவுளே, அக்காவுக்கு ஒண்ணுதானே! சின்ன வயசுல பென்சிலின் போட்டு, தொண்டை வீங்கி, பிழைச்சதே பெரும்பாடு.

அப்பத்தான் புரிஞ்சுது. நம்ம பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல, இன்னார் மகள்னு காட்ட, 'ஏ/பி' போடுவோம்ல? வெளிநாட்டுப் புரோகிராம் அந்தச் சாய்கோட்டோட பேரு முடிஞ்சுதுன்னு நினைச்சு அப்பா பேரை விழுங்கிடுச்சு. தோட்டத்துல லெட்சுமின்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவாங்க. அத்தனை பேரும் ஒரே லெட்சுமி ஆயிட்டாங்க, எங்க அக்காவும்தான்.

கிளினிக்ல போன் கிடையாது. அக்கா தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டா லைன் கிடைக்கல. திரும்பத் திரும்பச் சுத்தினேன். ஒருவழியா அங்க கணக்கெழுதுற கிராணி எடுத்தாரு. "அண்ணே, கிளினிக்குக்கு ஓடுங்கண்ணே! அக்காவுக்குப் பென்சிலின் போட்டா செத்துருவாண்ணே!"

ரிசீவரைக் காதுல அமுக்கிக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் காத்தாடி ஓடுற சத்தம் மட்டும்தான். மாரியாத்தா, மாரியாத்தான்னு வாய் முணுமுணுக்குது. சூப்பர்வைசர் அண்ணன் எழுந்து பக்கத்துல வந்து நின்னாரு.

கிராணி மூச்சு வாங்க வந்தாரு. "வைத்தியம் பார்க்குற டிரசர் மருந்தை ஊசியில ஏத்திட்டாரும்மா. கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன்."

தரையிலேயே உட்கார்ந்து ஓன்னு அழுதேன். "ஆமையையே எடுப்போம்மா"ன்னாரு அண்ணன்.

இப்பவும் விண்ணப்பப் பாரம் எழுதும்போது, "அப்பா பேரெல்லாம் எதுக்கும்மா?"ன்னு என் மகள் சலிச்சுக்குவா. உன் பெரியம்மா உசிரே அந்தக் கோட்டுக்குப் பின்னாலதான்டி இருந்துச்சும்பேன்.