ஏழாம் சீன், ஒன்பதாம் சானல்

அந்த அரங்கின் புது ஆபரேட்டருக்கு ஒலி மிக்ஸரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்று கம்பெனி என்னை ஐந்து நாளுக்கு அனுப்பியது. போய் நின்றால் டிக்கெட் ஜன்னலுக்கு முன் சின்ன வரிசை. உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஆபரேட்டர் எங்கே என்று கேட்டேன். "இந்த வரிசை முடியட்டும் சார், வந்துடுவாங்க" என்றார். வரிசை முடிந்தது. ஜன்னலைச் சாத்தினார். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, கைக்குட்டையில் விரல் மையைத் துடைத்தபடி என் முன்னால் நின்றார்.

"வந்துட்டாங்க. சொல்லுங்க."

அரங்கில் எல்லாருக்கும் அவர் டிக்கெட் அக்கா. மறுநாளிலிருந்து எனக்கும் அக்காதான். நானும் சாரிலிருந்து தம்பி ஆனேன். அவர் கணவர் அங்கே பதினெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். ஏழு மாதம் முன்பு வேலைக்கு வரும் வழியில், பேருந்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் வந்து அரங்கை அலற வைத்தார்கள். சனிக்கிழமை பள்ளி நாடகத்தைத் தனியாக நடத்திக் காட்டினால் வேலை உங்களுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். டிக்கெட் கிழிக்கிற கைக்கு இது வருமா என்று மின்பணியாளர் கேட்டதாகவும், கிழிக்கிறது வாசல் ஆளு, நான் குடுக்கிறவ என்று இவர் திருத்தியதாகவும் சொல்லிச் சிரித்தார்.

முதல் நாள் காலையில் மிக்ஸர் இருந்த கண்ணாடி அறையைத் திறந்து அவரே மின்சாரம் கொடுத்தார். முதலில் மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். வரிசை சரியாக இருந்தது. பிறகு திரையில் சேமித்த அமைப்புகளின் பட்டியலைத் திறந்தார். ஓர் அமைப்பை சீன் என்போம். எந்த மைக் எவ்வளவு, எந்தக் குரலுக்கு என்ன திருத்தம், எல்லாம் அதற்குள் இருக்கும். ஏழாம் எண்ணை அழுத்தினார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடிகள், ஃபேடர்கள், கீழே கிடந்த பதினாறும் சர்ரென்று ஒன்றாக எழுந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நின்றன.

"அவர் கடைசியா வெச்சது. தெனம் காலைல ஒரு தடவ இதப் பாத்துட்டுத்தான் ஜன்னலத் தெறப்பேன்."

ஒவ்வொரு ஃபேடருக்கும் அடியில் ஒரு மோட்டார் இருக்கிறது என்று நான் விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அப்போது எனக்குத் தெரியாது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எத வேணா சொல்லிக் குடுங்க சார். ஏழ மட்டும் தொட்டுடாதீங்க."

அதை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்துவிடலாம் என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் அந்த மிக்ஸர் தானே உள்ளதையெல்லாம் அழித்துத் துடைத்த பென் டிரைவை மட்டுமே ஏற்கும். என்னிடம் இருந்தது ஒன்று. அதில் என் பட்டச் சான்றிதழின் நகல், மதிப்பெண் பட்டியல்கள், பட்டமளிப்பு அன்று அப்பா அம்மாவோடு எடுத்த படங்கள். நாளைக்கு வேறொன்று கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன்.

அக்கா வேகமாகக் கற்றார். கெயினுக்கும் ஃபேடருக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு வருஷம் புரியவில்லை. இவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "கெயின், வாசல்ல எத்தன பேர உள்ள விடறோம்கறது. ஃபேடர், வந்தவங்கள முன்னாடி உக்கார வெக்கிறதா பின்னாடியாங்கறது." சிவப்பு விளக்கு எரிந்தால் வாசலில் நெரிசல் என்று அவரே சேர்த்துக்கொண்டார். திரையில் வரும் ஆங்கிலம்தான் அவரைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு கேள்விக்கும் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். "யோசிக்காதீங்கக்கா, அது சும்மா கேக்கும். ஓகே குடுத்துட்டுப் போங்க" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

மூன்றாம் நாள், குரலின் தன்மையைத் திருத்தும் பாடம். காட்டுவதற்கு ஏழாம் சீனிலேயே ஒன்பதாம் சானலை, அதாவது ஒன்பதாம் மைக்கின் பாதையைத் திறந்தேன். நேராக ஓடிய கோட்டில் மூன்றாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டி ஓரிடத்தில் மட்டும் ஆழமாக ஒரு பள்ளம். இது எதற்கு என்று கேட்டார். பேசுகிறவர் குரல் அந்த இடத்தில் கீச்சென்று காதைக் குத்தும், அதை ஆபரேட்டர் வெட்டியிருக்கிறார், நல்ல வேலை என்றேன்.

அக்கா அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தார். நிகழ்ச்சி இன்னும் ஐந்து நிமிடத்தில் தொடங்கும், கைபேசிகளை அணைத்துவிடுங்கள் என்று டிக்கெட் ஜன்னலிலிருந்து அறிவிக்கிற மைக் அது. பேசுகிறவர் அக்காதான்.

"ஒரு நாளும் சொன்னதில்லயே தம்பி. உன் குரலக் கேக்கவே பாதிப் பேர் வர்றாங்கம்பாரு. நானும் நம்பிக்கிட்டு, வீட்லயும் அறிவிப்பு மாதிரியே பேசிக்கிட்டிருந்தேன்." சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். "பொய்க்கார மனுஷன்."

நான்காம் நாள், எல்லாவற்றையும் வெறுமையாக்கிவிட்டு அவரே முதலிலிருந்து அமைக்க வேண்டும். மிக்ஸரை நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மைக்காகத் திறந்து, கெயின் ஏற்றி, ஃபேடரை உயர்த்தி, இரண்டு மணி நேரம் வேலை செய்தார். நன்றாகவே வந்தது. சேமித்துவிடுங்கள் என்று மேடையிலிருந்து கத்தினேன். அங்கே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சேமித்துவிட்டேன் என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் கண்ணாடி அறைக்குத் திரும்பியபோது அவர் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழ அழுத்தினேன். அசையல தம்பி. ரெண்டு தடவ அழுத்திட்டேன்."

காலையில் வழக்கம்போல் ஏழைத் திறந்திருக்கிறார். பட்டியலில் குறி அதன் மேலேயே நின்றிருந்தது. சேமிக்கும்போது, இதன் மேலேயே எழுதவா என்று மிக்ஸர் கேட்டிருக்கிறது. அவர் யோசிக்கவில்லை. ஓகே கொடுத்துவிட்டார். கடைசி அழுத்தலைத் திருப்பும் வசதி ஒன்று உண்டு. ஆனால் கடைசி அழுத்தல் சேமித்ததல்ல. இரண்டாவது முறை ஏழை அழைத்தது. ஃபேடர்கள் அசையாததற்குக் காரணம், அவை ஏற்கெனவே ஏழில்தான் நின்றன. அவர் கையால் வைத்த ஏழில்.

போனது போனதுதான் என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"நான்தான ஓகே குடுத்தேன்" என்றார். கொடுக்கச் சொன்னது யார் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது.

ஒன்பதைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய் அறிவிப்பைப் பேசினார். காலி அரங்கில் அந்தக் குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் வந்தது. பாதியில் நிறுத்தினார். இத்தனை வருஷமாக அவர் கேட்டது இது இல்லை. மூன்றாயிரத்துக்கு மேல், நினைவிலிருந்து, நான் ஒரு பள்ளம் போட்டேன். மறுபடி பேசச் சொன்னேன். பேசினார். காதுக்கு இதமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா இது நீங்க வெட்டினது. எடுத்துடுங்க."

எடுத்தேன். அன்று மதியம் என் பென் டிரைவை அவர் கண்ணெதிரே துடைத்து, இதில் உங்கள் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். "அது போனா திரும்பப் போட்டுக்குவேன் தம்பி, என் கைதான" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நாடகத்தில் ஒரு மைக்கும் ஊளையிடவில்லை. மேலாளர் கைகொடுத்தார்.

நான்கு வருஷம் ஆகிறது. அந்த அரங்கின் ஆபரேட்டர் இப்போது அவர்தான். டிக்கெட் ஜன்னலில் வேறொரு பெண் இருக்கிறார். அறிவிப்பை மட்டும் இன்னும் அக்காதான் செய்கிறார். ஒன்பதாம் சானலில் பள்ளம் எதுவும் இல்லாமல் கோடு நேராக இருக்கிறது.