பத்ரோஸ் நடக்கப் போனது

பூவார் கரையில் மடிவலை இழுத்தே வாழ்ந்த பத்ரோஸுக்கு நுரையீரல் கெட்டு மூச்சு குறைந்தபோது, ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். விட்டால் பழைய திணறல் திரும்பிவிடும்.

ஊதுவதை ஒழுங்காகச் செய்தார். நடக்கத்தான் மாட்டேன் என்றார். வேலையில்லாமல் நடப்பவரை அந்தக் கரையில் சும்மா விடமாட்டார்கள். வீட்டுக்கு வீடு எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் மூச்சு வாங்கும். சொல்லாவிட்டால் திமிர் என்பார்கள். ஒரே மாதத்தில் கிணற்றடிக்குப் போகவே அவருக்கு இரைத்தது.

மனைவி எமிலி அவரைக் கூட்டிக்கொண்டு குடையோடு கிளம்பினாள்.

"நீங்க மூச்ச மட்டும் பாருங்க. பதில் நான் சொல்லுதேன்."

"எங்க போறிய அண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா.

"இவருக்கு ரெண்டாங் கல்யாணம். பெண்ணு பாக்கப் போறோம். நீயும் வாறியா?" என்றாள் எமிலி.

பத்ரோஸுக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. எமிலி தினமும் புதுப்பொய் சொன்னாள். அதைக் கேட்கும் ஆசையில் அவர் பள்ளிவரை நடந்தார்.

மழைக்காலத்தில் எமிலி காய்ச்சலில் படுத்தாள். "இன்னைக்கு நடக்காண்டாம்," என்றாள். அவர் தனியாகவே இறங்கினார். ஸ்டெல்லா கேட்டதும் நின்றார். பொறு என்று கையைக் காட்டி, மூச்சை முழுதாக ஊதி முடித்தார்.

"எங்கயும் இல்ல மக்கா. நெஞ்சுக்காக நடக்கேன், அதாக்கும்."

ஸ்டெல்லா குனிந்தாள். வழியில் கிடந்த ஈரவலையை அவர் கால் தடுக்காதபடி இழுத்துப் போட்டாள். அவர் நடந்தார்.